உடுப்புப் போட்ட அடுப்பு

மருமகன் துஷாந்துக்குப் பவளம் கொடுக்கவேண்டிய கடன் ஆயிரத்து அறுநூறு டொலர். அதை அவர் ஒருவருக்கும் ஒளிப்பதில்லை. விடிந்ததும் சேலைக்கு மேல் ஒரு கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு குசினிக்குள் வந்து, கேத்திலுக்குத் தண்ணீர் விட்டபடியே, "தம்பி, கடன்காறி எழும்பிட்டன். தேத்தண்ணி போடட்டோ?" என்று குரல் கொடுப்பார். வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருக்கும் துஷாந்த் ஒரு காலில் சொக்ஸும் மறு காலில் ஒன்றுமில்லாமலும் வந்து நின்று, "மாமி, அதை விடுங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது?" என்பார்.

"நீங்கள் விடுவியள். நான் விடன்."

கிளென் வேவர்லியில் ரயில் பாதை முடிகிற இடத்துக்குப் பக்கத்தில், அடுக்குமாடியின் நாலாம் தட்டில், ஒவ்வொரு காலையும் இந்தச் சத்தத்தோடுதான் விடியும்.

கடன் என்றதும் தலையைத் தொங்கப்போடும் பேர்வழி என்று நினைத்துவிடக் கூடாது. அறுபத்துமூன்று வயது. ஆள் கட்டை, குரல் மட்டும் நெட்டை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டவர். சுன்னாகம் சந்தைக்குப் பக்கத்தில் சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை போட்டு, ஒரே மகள் நிரூபாவைத் தனியாளாக வளர்த்துக் கணக்காளராக்கியவர். மகளின் கலியாணத்துக்கு மண்டபக் காசிலிருந்து மேளகாரர் காசு வரைக்கும் தன் கையால் எண்ணிக் கொடுத்தவர். "மெல்பேர்ணுக்கு வந்த பிளேன் ரிக்கற்றும் என்ரை காசு. யன்னல் கரைச் சீற்றுக்கு மேலதிகமாக் குடுத்து வந்தனான். என்னை ஆரும் கூட்டிக்கொண்டு வரேல்லை, நானாத்தான் வந்தனான்" என்று, கேட்டவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார். அந்தப் பிளேனை ஓட்டி வந்ததும் தானே என்று சொல்லாததுதான் குறை.

அப்பேர்ப்பட்டவர் கடன்காறியானது, வந்திறங்கிய இரண்டாம் கிழமை.

யூலை மாதக் குளிர். மகள் கறிக்குப் போட்ட கடைத் தூளை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உது தூளோ, செங்கல்லை இடிச்சு அடைச்சு வித்துப்போட்டாங்களோ?" என்றார். அடுத்த நாள் மகளும் மருமகனும் வேலைக்குப் போனபின், குளிருக்காக யன்னல்களை இறுகப் பூட்டிவிட்டு, அடுப்பில் தாச்சியை வைத்து மல்லியை வறுத்தார். சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை என்று ஒவ்வொன்றாக இறக்கி ஆறவைத்தார். கடைசியாகச் செத்தல் மிளகாய். அது நிறம் மாறுகிற நேரம் பார்த்துக் கூரையில் இருந்த வெள்ளை வட்டம் வீரிட்டுக் கத்தியது. தும்புத்தடியால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். அது அடங்கவில்லை. சரி, புகை வெளியே போகட்டும் என்று வாசற்கதவை அகலத் திறந்துவிட்டார்.

தனி வீட்டில் வாழ்ந்த எவரும் அதைத்தான் செய்வார்கள். அடுக்குமாடியில் செய்யவே கூடாத காரியமும் அதுதான். யன்னலைத் திறந்திருந்தால் அந்த வீட்டோடு முடிந்திருக்கும். கதவு வழியாகப் பொது நடைபாதைக்குப் போன புகை, கட்டடம் முழுவதன் அபாய மணியையும் அடித்து, தீயணைப்புப் படைக்கும் தானாகவே தகவல் சொல்லிவிட்டது.

நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டும், பாதி சவரம் செய்த முகத்தோடும், ஈரத் தலையோடும் கட்டடத்துச் சனமெல்லாம் இருமி இருமித் தெருவில் இறங்கி நின்றது. இரண்டு பெரிய சிவப்பு வண்டிகள் வந்தன. தலைக்கவசத்தோடு நாலாம் தட்டுக்கு ஏறி வந்த ஆட்கள் நெருப்பைத் தேடினார்கள். அங்கே இருந்தது ஒரு தாச்சி, ஓர் அகப்பை, ஒரு பவளம். முகமூடி போடாமல் முன்னால் வந்த இளைஞன் தும்மத் தொடங்கி நிறுத்த மாட்டாமல் நின்றான். பவளம் அவனுக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். "இரு மோனை, இரு. பிளேன்ரீ தாறன். பனங்கட்டி கடிச்சுக்கொண்டு குடி, அடங்கும்." அவனும் குடித்தான். எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் இறங்கிப் போனார்கள்.

இரண்டு கிழமை கழித்துக் கட்டட நிர்வாகத்திடமிருந்து பில் வந்தது. ஆயிரத்து அறுநூறு.

"நெருப்பே இல்லையே! இல்லாத நெருப்பை அணைக்கிறதுக்கும் காசோ?"

"இல்லாத நெருப்புக்குத்தான் அம்மா காசு. இருந்திருந்தால் காசில்லை" என்றாள் நிரூபா.

தாயும் மகளும் வாதாடிக்கொண்டிருக்கையில், துஷாந்த் கைத்தொலைபேசியை இரண்டு தட்டுத் தட்டிக் காசைக் கட்டிவிட்டார். "விடுங்கோ மாமி, சின்னக் காசுதானே."

அந்தச் 'சின்னக் காசு' பவளத்துக்கு மிளகாய்ப் புகையைவிடக் காரமாகத் தொண்டையில் நின்றது. வந்த கையோடு தன் பிழைக்கு மருமகன் காசு கட்டினால், நாளைக்குத் தன் மருந்துக்கும் அவர் கட்டுவார், செருப்புக்கும் அவரே கட்டுவார். பிறகு இந்த நாட்டில் பவளம் என்று ஓர் ஆள் இருக்க மாட்டார். யன்னல் ஓரக் கதிரையில் 'நிரூபாவின்ரை அம்மா, பாவம்' என்று ஒன்று குந்தியிருக்கும். அந்த இடத்திலேயே அறிவித்தார்: "தம்பி, சதம் மிச்சமில்லாமல் என்ரை உழைப்பிலை தருவன். உங்கடை உள்ளங்கையிலை எண்ணி வைப்பன். அதுவரைக்கும் நான் கடன்காறி."

சொல்லியாயிற்று. எதைச் செய்து உழைப்பது? இங்கிலிஷ் தெரியாது. தெரிந்த தொழிலுக்கோ வீட்டுக்குள் தடை. "இனிமேல் குசினிக்குள்ளை மிளகாய் வறுத்தால் நான் வீட்டை விட்டுப் போயிடுவன்" என்று நிரூபா சொல்லியிருந்தாள். இரண்டு மாதம் பவளம் யன்னல் ஓரத்தில் இருந்து ரயில் வருவதையும் போவதையும் பார்த்தார். "உதிலை இறங்கிற ஒவ்வொருத்தருக்கும் போக ஒரு இடம் இருக்கு, பார்" என்று மகளிடம் சொன்னார். அவர் பெருமை பேசாமல் இருந்த காலம் அது ஒன்றுதான். வீட்டில் இருவரும் பயந்துவிட்டார்கள்.

அந்த நாட்களில்தான் துஷாந்தின் கூட்டாளி பிரதீப்குமாரின் மகனுக்குப் பிறந்தநாள் வந்தது. மல்கிரேவில் வீடு, பின்னால் நல்ல வளவு. கூட்டத்திலிருந்து விலகி வளவுக்குள் உலாத்திய பவளம், மூலையில் கறுப்பு உறை போர்த்திய பெரிய சாமான் ஒன்றைக் கண்டு நின்றார்.

"இதென்ன தம்பி, மாட்டை நிக்கவைச்சு மூடினமாதிரி?"

"அது பாபிகியூ, அன்ரி."

பவளம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, உறையை உரித்தார். உள்ளே பளபளவென்று கம்பித் தட்டு. கீழே காஸ் சிலிண்டர். பக்கத்தில், தாச்சி வைப்பதற்கென்றே செய்தது போல, தனியாக ஒரு வட்ட அடுப்பு. அண்ணாந்து பார்த்தார். கூரை இல்லை. கத்துகிற வெள்ளை வட்டம் இல்லை. வானம்தான் இருந்தது.

"எத்தினை தரம் மூட்டினியள்?"

பிரதீப்குமாரின் மனைவி சுஜீவா சிரித்தாள். "சிற்றிசன்ஷிப் கிடைச்ச கிழமை ஓடிப்போய் வாங்கினவர் அன்ரி. ஒருக்கால் சோசேஜ் சுட்டவர். அதுவும் கரிக்கட்டை."

"அண்டைக்கு மழை" என்றார் பிரதீப்குமார்.

"அட கோதாரி! அடுப்பை வாங்கி உடுப்புப் போட்டு வைச்சிருக்கிற சனத்தை இப்பதான் காணுறன். பிள்ளை, வீட்டிலை செத்தல் மிளகாய் கிடக்கோ? மல்லி கிடக்கோ? எடு எல்லாத்தையும்."

கேக் வெட்டுவதற்குள் ஒரு தாச்சி மிளகாய்த்தூளுக்கு வேண்டியதெல்லாம் வறுபட்டுவிட்டது. வாசம் போன வழியே வந்த பெண்கள் கையில் பேப்பர் பிளேற்றோடு சுற்றி நின்றார்கள். புறப்படும் நேரம் சுஜீவா நாற்பது டொலரை மடித்து, "ஒரு சின்ன அன்பளிப்பு அன்ரி" என்று நீட்டினாள். பவளம் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அன்பளிப்பு எண்டால் வேண்டாம். கூலி எண்டு சொல்லித் தா, வாங்குறன்."

"சரி அன்ரி, கூலி."

"கொண்டா."

அன்றிரவு சுஜீவா பெண்களின் வட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டாள். மல்கிரேவில் எத்தனை தமிழ் வீடு இருக்கிறதோ அத்தனை வீட்டுப் பின்வளவிலும் ஓர் அடுப்பு உடுப்போடு நிற்கிற விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது.

இப்போது பவளத்தைத் தெருவில் காண்பவர்கள் மறக்க மாட்டார்கள். சில்லுப் பூட்டிய சந்தைப் பை ஒன்றை இழுத்துக்கொண்டு வருவார். அதற்குள் தாச்சி, இரண்டு அகப்பை, பழைய துவாய். கழுத்தில் சங்கிலிக்கு மேலே தொங்குவது மருமகனின் நீச்சல் கண்ணாடி. மிளகாய் தாச்சிக்குள் விழமுன் அது கண்ணுக்கு ஏறிவிடும். கம்பளிச் சட்டையும் சேலையும் நீலக் கண்ணாடியுமாக அவர் அடுப்படியில் நிற்கும் படம் ஒன்று எல்லா ஃபோனிலும் இருக்கிறது. "நல்ல வடிவாத்தானே நிக்கிறன்" என்பார் அதைப் பார்த்து.

தெருப் பெயர் ஒன்றும் அவருக்குத் தெரியாது. "பெரிய யூக்கலிப்டஸ் மரத்தடியிலை இறங்கினால் சுஜீவா. பெற்றோல் ஷெட் தாண்டி இறங்கினால் காஸ் எப்பவும் முடிஞ்சுகிடக்கிற வீடு. அதுக்கு அங்காலை நாய் வீடு." இந்த நகரத்தை அவர் அடுப்பு அடுப்பாகப் படித்து வைத்திருக்கிறார். பஸ் ஓட்டும் பஞ்சாபிக்காரர் கண்டதும், "குட் மோர்னிங், சில்லி ஆன்ட்டி!" என்பார். "ஓம் தம்பி, சுகமோ?" என்று பவளம் பதில் சொல்வார். இருவருக்கும் விளங்கும்.

வறுக்குமுன் வேலிக்குப் போவது அவருடைய வழக்கம். சுடச்சுட நாலு வடையை ஒரு தட்டில் வைத்து, பக்கத்து வீட்டுக்காரருக்கு வேலிக்கு மேலால் நீட்டி, தனக்குத் தெரிந்த இங்கிலிஷ் முழுவதையும் சொல்லிவிடுவார்: "நோ ஃபயர். ஒன்லி சில்லி. டென் மினிட்." சுஜீவா வீட்டுக்குப் பக்கத்து மோரீன் என்ற கிழவி முதல்நாள் பதறிப்போய்த் துணிகளைக் கொடியிலிருந்து அள்ளிக்கொண்டு ஓடினார். இப்போது பவளத்தின் பை உருளும் சத்தம் கேட்டதும் தட்டோடு வேலிக்கு வந்து நிற்கிறார். முட்டைப் பொரியலுக்குப் போடவென்று ஒரு சின்னப் போத்தல் தூளும் அவருக்குப் போகிறது.

மெல்பேர்ண் வானத்தை நம்பி ஒரு வேலை செய்ய முடியாது. வெயில் என்று தாச்சியை வைத்தால் மழை வரும், மழை என்று மூடினால் வெயில் சிரிக்கும். ஃபோன் சொல்லும் வானிலையைப் பவளம் காதில் வாங்குவதில்லை. கொடியில் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பார். பக்கத்து வீட்டு யன்னலை நோக்கிப் பறந்தால் அன்று வறுவல் இல்லை. வறுத்ததை வீட்டுக்காரர் டண்டினொங் பக்கத்து மா மில் கடையில் கொடுத்து அரைப்பித்துக்கொள்வார்கள். "அரைக்கிறது மெஷின். மெஷினுக்கு என்ன தெரியும்? வறுக்கேக்கை பிழைச்சால் அரைச்சுத் திருத்த ஏலுமோ?" என்று கேட்பார். கேள்விக்குப் பதில் எதிர்பார்ப்பதில்லை.

கூலி கையில்தான் வரவேண்டும். "ஃபோனுக்குள்ளை போன காசை ஆர் கண்டது?" என்பார். வாங்கிய தாளைச் சட்டைக்குள் செருகி, வீட்டுக்கு வந்ததும் வெறும் மைலோத் தகர ரின் ஒன்றுக்குள் போட்டு மூடுவார்.

ரின் பாதிக்கு மேல் நிரம்பியிருந்த சமயத்தில்தான் அந்தச் சங்கதி நடந்தது.

துஷாந்துடன் வேலை செய்யும் நரசிம்மனுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். அவர் மனைவி விஜயா சாம்பார்ப் பொடிக்கு வறுத்துத் தரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். முதல்நாளே சண்டை.

"சோம்பு போடக் கூடாதும்மா."

"சோம்பு எண்டால்?"

"அதான், பெருஞ்சீரகம்."

"பெருஞ்சீரகம் இல்லாமல் தூளோ? பேந்து என்னத்துக்குப் பிள்ளை பருப்பைத் தூளுக்குள்ளை போடுறியள்? நீங்கள் பருப்புத் தனியா வைக்கிறேல்லையோ?"

"ஆமா, தனியாவும் வைப்போம்."

"அப்ப இரண்டு பருப்பு!"

சண்டை போட்டபடியே வறுத்தார். விஜயா மறுபடி கூப்பிட்டார், மறுபடி வறுத்தார். இரண்டு முறையும் எண்பது டொலர் கிடைத்தது. மூன்றாம் முறை விஜயா காசோடு வந்து நின்றபோது, தாச்சியைத் துடைத்தபடி பவளம் மனம் நிறைந்து சொன்னார்: "தாராளக் கை பிள்ளை உங்களுக்கு. மற்றவை நாப்பது தருவினம். நீங்கள் எண்பது தாறியள்."

"ஐயோ, என்னை எதுக்கும்மா புகழ்றீங்க? உங்க மாப்பிள்ளை குடுத்து வச்ச பணம்தானே. அம்மாவைக் கூப்பிட்டு வறுக்கச் சொல்லுங்க, காசு நான் பாத்துக்கறேன்னு அவர்தான்..." விஜயா பாதியில் நிறுத்தினார். "சொல்லக் கூடாதோ?"

பவளம் நீச்சல் கண்ணாடியைக் கழற்றினார்.

"இப்ப உங்கடை கையிலை இருக்கிறது ஆற்றை காசு?"

"அவரோடதுதாம்மா."

"அது வேண்டாம். நான் வறுத்தது உங்களுக்கு வேணுமெண்டால் உங்கடை காசிலை தாருங்கோ. வேண்டாமெண்டால் இண்டையோடை விடுவம்."

விஜயா உள்ளே ஓடிப்போய்த் தன் கைப்பையோடு வந்தார். "வேணும்மா, கண்டிப்பா வேணும். ஆனா ஒண்ணு, எங்க காசுன்னா நாப்பதுதான்."

பவளத்துக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. "அதுதான் பிள்ளை சரியான விலை!"

வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. மைலோ ரின்னைத் திறந்து நூற்றறுபது டொலரை எடுத்து, வேலை செய்துகொண்டிருந்த துஷாந்தின் மடிக்கணினி மேல் வைத்தார்.

"தம்பி, இது உங்கடை காசு. உங்கடை காசாலை உங்கடை கடனைக் கட்டுறது எந்த ஊர்க் கணக்கு? கம்பஸிலை படிக்கேக்கை உப்பிடியோ சொல்லித் தந்தவை?"

துஷாந்துக்கு முகம் சிவந்துபோயிற்று. "இல்லை மாமி... மழைக்குள்ளையும் வெயிலுக்குள்ளையும் பஸ்ஸுக்கு நிக்கிறியள். கெதியா முடிஞ்சால் நிம்மதியா இருப்பியள் எண்டு நினைச்சன்."

"சொன்னனான்தானே, பிடிபடுவீங்கள் எண்டு" என்று உள்ளேயிருந்து நிரூபா சிரிப்பது கேட்டது.

"கடன் தானா முடியிறது இல்லைத் தம்பி முக்கியம். நான் முடிக்கவேணும்." பவளத்தின் நெட்டைக் குரல் அன்றுதான் முதன்முதல் கொஞ்சம் கட்டையாயிற்று. "உங்களிலை எனக்கு ஒரு குறையுமில்லை. இந்த நாட்டிலை எனக்கு எண்டு ஒரு கணக்கு வேணும், அவ்வளவுதான். உதவி செய்ய ஆசையெண்டால் தாச்சியைத் தூக்குங்கோ. காசைத் தூக்காதையுங்கோ."

துஷாந்த் தாச்சியைத் தூக்கினார். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவருடைய கார்தான் சில்லி ஆன்ட்டியின் வாகனம். கணினி பார்க்கும் கைகள் சிலிண்டர் பூட்டப் பழகின. வேலிக்கு வடை கொண்டுபோகவும் பழகினார். மிளகாய் கிண்டும் அகப்பையை மட்டும் பவளம் விட்டுக் கொடுக்கவில்லை. ஒருநாள் கெஞ்சிக் கேட்டு வாங்கிக் கிண்டியவர், இருமிக்கொண்டு வேலிவரைக்கும் ஓடினார். மோரீன் கிழவி அந்தப் பக்கமிருந்து தண்ணீர் நீட்டினார். "பாத்தியளோ, அந்த மனிசி பழகிட்டுது. நீங்கள் இன்னும் பழகேல்லை" என்று பவளம் வளவு அதிரச் சொன்னார்.

அடுத்த குளிர் தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் வழக்கத்துக்கு மாறாகச் சத்தம் போடாமல் எழும்பினார். தலைக்கு முழுகி, திருநீறு பூசி, நல்ல சேலை கட்டினார். போகிற இடம் குசினிதான், ஆனாலும் நீச்சல் கண்ணாடி பழக்கத்தில் கழுத்துக்கு ஏறியிருந்தது. மைலோ ரின்னை மேசையில் வைத்து, "தம்பி, வாங்கோ" என்று கூப்பிட்டார்.

துஷாந்த் ரின்னைப் பார்த்தார். 'விடுங்கோ' என்று இந்த முறை சொல்லவில்லை. போய்க் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"கிழக்குப் பக்கம் பாத்து நில்லுங்கோ."

"கிழக்கு எது மாமி?"

"உந்த மைக்ரோவேவ் பக்கம்."

மைக்ரோவேவைப் பார்த்து நின்று வலது கையை விரித்தார். பவளம் எண்ணத் தொடங்கினார். ஐம்பதும் இருபதுமாகப் பிளாஸ்ரிக் தாள்கள், ஒவ்வொன்றாகப் பிரித்து, சத்தமாக எண் சொல்லி, உள்ளங்கையில் வைத்தார். அடுப்படியிலேயே கைமாறிச் சட்டைக்குள் செருகிய தாள்கள். ரின் திறந்ததுமே மிளகாய் வாசம் குசினி முழுக்க எழும்பியிருந்தது.

"நாளைக்குக் காலமை என்ன சொல்லிக்கொண்டு எழும்பப் போறியள் அம்மா?" என்று வாசலில் சாய்ந்து நின்ற நிரூபா கேட்டாள்.

"வாயை மூடடி, எண்ணிக்கை பிழைச்சுப் போகும். அறுநூற்றி நாப்பது... அறுநூற்றி அறுபது..."

எண்ணூறு வரும்போது துஷாந்த் தும்மினார். ஆயிரத்துக்கு வருமுன் இன்னும் மூன்று தும்மல். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. மிளகாயோ வேறென்னவோ, துடைப்பதற்கு அவர் கையை எடுக்கவில்லை.

"ஆயிரத்து நூறு" என்று சொல்லிப் பவளம் நிறுத்தினார். கழுத்திலிருந்த நீச்சல் கண்ணாடியைக் கழற்றி, மருமகனின் தலைக்கு எட்டாமல் நுனிக்காலில் எழும்பி, அதை அவர் கண்களில் மாட்டிவிட்டார். எண்ணிய எண்ணை விடாமல் மறுபடி தொடங்கினார். அதற்குப் பிறகு குசினியில் அவர் குரல் மட்டும் கேட்டது.

"ஆயிரத்து ஐநூற்றைம்பது."

கடைசித் தாளை யன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை பிடித்துப் பார்த்தார். விரிந்திருந்த உள்ளங்கையில் மற்றத் தாள்களுக்கு மேலே அதை வைத்து, பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.